குடும்ப ஆவணங்கள்: படமெடுத்தால் மட்டும் போதுமா?

(உரையின் எழுத்து வடிவம்)



1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுட் சிலவற்றுக்கு வேறு படியே இருக்கவில்லை. ஓரிடத்தில் ஒரேயொரு படியாக இருக்கும் எதுவும் ஓரிரவில் இல்லாது போகலாம் என்பதே அந்த நெருப்பு விட்டுச்சென்ற பாடம்.

குடும்ப ஆவணங்களுக்கும் இது பொருந்தும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், சாதகம், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியன பல இடப்பெயர்வுகளுக்குத் தப்பிப் புலம்பெயர் நாடுகளை வந்தடைந்தவை. பூட்டனாரின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் அறியப் பல குடும்பங்களுக்கு வேறு சான்று இல்லை.

கைப்பேசியில் படமெடுத்தவுடன் கடமை முடிந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பப்படும் படம் சுருக்கப்பட்டே சென்றடைகிறது. மங்கிய கையெழுத்தும் முத்திரையுமே முதலில் சிதைகின்றன. ஆதலால் ஆவணத்தின் இரு பக்கங்களையும் வருடியில் வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 முதல் 600 புள்ளிகள் வரையான அடர்த்தியில் வருடுதல் வேண்டும். டிஃப் வடிவிலான கோப்பு மூலப்படியாக இருக்கட்டும். உறவினருக்கு அனுப்ப ஜேபெக் படி போதும்.

அடுத்தது சேமிப்பு. முன்னர் பலர் இறுவட்டுகளில் பதிந்து வைத்தனர். அவற்றின் சாயப்படலம் காலப்போக்கில் கெடும். இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அவற்றைப் படிக்கும் கருவியும் இல்லை. தாமதியாது அக்கோப்புகளை வன்தட்டுக்கு மாற்றுவது நன்று. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேறோர் ஊரில் என்பது நல்ல நடைமுறை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உறவுகள் சிதறியிருப்பது இங்கு ஒரு பலமே. ஆண்டுக்கொரு முறை கோப்புகளைத் திறந்து பார்த்தலும் அவசியம்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட குறிப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். கோப்புப் பெயரில் ஆண்டு, ஆவண வகை, உரியவர் பெயர் ஆகியன இடம்பெறட்டும்.

தாளிலுள்ள மூலத்தை எறிந்துவிடலாகாது. சட்டத் தேவைக்குப் படிமம் போதாமற் போகலாம். அதற்குப் பிளாஸ்டிக் உறையிடுதலும் ஒட்டுநாடா ஒட்டுதலும் கேடு. உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொதுவெளியில் இடுதல் கூடாது. நினைவு மலர்கள் போன்ற வெளியீடுகளை, 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கு வழங்கலாம்.

இளையோருக்குக் கணினி தெரியும். படத்தில் நிற்பவர் யாரென்பது மூத்தோருக்கே தெரியும். பெயர் அறிந்தவர் மறைந்தபின் எத்துணைத் தெளிவான படமும் ஊமையாகிவிடும். வரும் விடுமுறை நாளில் இரு தலைமுறையும் ஒரு மேசையருகே அமர்ந்து, முதல் பத்து ஆவணங்களுக்குப் பெயரிடட்டும்.