நூறில் ஒரு பங்கு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சங்கத்தின் விஞ்ஞானக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் இந்த மேசைமீது நிற்கும் வெள்ளையும் கறுப்புமான பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறார்கள். இது சாட்டர்ன் 5 ரொக்கெட்டின் மாதிரி. 1969 யூலை 16ஆம் திகதி மூன்று மனிதரைச் சந்திரனை நோக்கி ஏற்றிச் சென்றது அந்த ரொக்கெட்தான். அசல் 110.6 மீற்றர் உயரம். இது அதில் நூறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 110 சென்ரிமீற்றர். தரம் ஒன்றில் சேரும் நமது பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரமாக இருக்கும். நூறு வயதான பாடசாலைக்கு நூறில் ஒரு பங்கு ரொக்கெட் பொருத்தம்தான் என்று எங்களில் ஒருவர் சொன்னார்.

வெளிநாட்டில் வாழும் ஓர் அக்கா இதை ஒரு பெட்டியாகக் கொண்டுவந்து தந்தார். சங்கக் கூட்டத்தில் அந்தப் பெட்டியை வைத்தபோது எல்லோரும் கைதட்டவில்லை. மூத்த அக்கா ஒருவர் எழுந்து, "லயத்துப் பிள்ளைக்கு இருந்து படிக்க ஒரு மேசை இல்ல, ஒரு நல்ல லைட் இல்ல. இதுல ரொக்கெட் எதுக்கு?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த உரையை நாங்கள் நிகழ்த்தக் கூடாது.

இதே கேள்வியை முன்பு இந்தியாவிலும் கேட்டார்கள். கேரளக் கரையில் தும்பா என்றொரு மீனவக் கிராமம். 1963 நவம்பர் 21ஆம் திகதி அங்கிருந்து முதலாவது ரொக்கெட் மேலே போனது. அந்த நாடு அன்று சோற்றுக்கே சிரமப்பட்ட நாடு. புனித மரிய மதலேனாள் தேவாலயம்தான் அலுவலகம். ரொக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே வேலை செய்த இளைஞர்களில் ஒருவர் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். எங்கள் பாட்டன் பாட்டிமாரில் எத்தனையோ பேர் மண்டபம் முகாமைக் கடந்து, அந்தக் கரையிலிருந்துதான் இந்த மலைக்கு வந்தார்கள். வறுமை தீர்ந்த பிறகு விஞ்ஞானம் படிக்கலாம் என்று அவர்கள் காத்திருந்திருந்தால் தும்பாவும் இல்லை, கலாமும் இல்லை. மேசையும் வேண்டும், லைட்டும் வேண்டும். ஆனால் அந்த மேசையில் இருந்து எதைப் படிப்பது என்ற ஆசையும் பிள்ளைக்கு வேண்டும்.

சரி, பெட்டிக்குள் என்ன இருந்தது? ரொக்கெட் இருக்கவில்லை. காகிதக் குழாய்களும், மெல்லிய பிளாஸ்ரிக் தகடுகளும், வளையங்களும், ரப்பர் நாடாவும், படிமுறைக் கையேடும் இருந்தன. மாதிரி ரொக்கெட்டில் உலோகம் கிட்டத்தட்ட இருக்காது. தவறி விழுந்தாலும் ஆளுக்குச் சேதம் வரக்கூடாது என்பதற்காகவே காகிதமும் இலேசான மரமும் பிளாஸ்ரிக்கும் பாவிக்கிறார்கள்.

தங்கைமார் பத்துப் பேரும் நாங்களும் விடுமுறையில் உட்கார்ந்து ஒட்டினோம். ஒரு வளையத்தை ஒட்டினால் பசை காயும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. குழாய்க்குள் வளையம் பொருந்துகிறதா என்று வேணியர் இடுக்கிமானியால் அளந்து பார்க்க வேண்டும். பரீட்சைக்காக மட்டும் வெளியே வரும் அந்த இடுக்கிமானி இம்முறை நாட்கணக்காக மேசையிலேயே கிடந்தது. கறுப்புக் கட்டங்களை அழகுக்காகப் பூசினோம் என்று நினைக்க வேண்டாம். அசல் ரொக்கெட் மேலேறும்போது தன்னைத்தானே சுற்றுகிறதா என்று தூரத்துக் கமராவில் பார்த்து அறியத்தான் அந்தக் கட்டங்கள்.

நிறை விடயத்தில் தங்கைமார் எங்களைவிடக் கெட்டிக்காரர். கொழுந்து மடுவத்தில் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காத அம்மாமாரின் பிள்ளைகள் அல்லவா? ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் நிறுத்துக் கொப்பியில் எழுதினார்கள். பூச்சிலும் பசையிலும் கூடும் ஒவ்வொரு கிராமும் உயரத்தில் குறையும்.

இதில் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. ரொக்கெட்டுக்கு இரண்டு மையங்கள். முழு நிறையும் சமநிலையாகும் இடம் புவியீர்ப்பு மையம். காற்றின் அமுக்கம் எல்லாம் சேர்ந்து தாக்கும் இடம் அமுக்க மையம். புவியீர்ப்பு மையம் எப்போதும் முன்னால், மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது குழாயின் ஒரு விட்டமளவு தூரம் வேண்டும். இல்லாவிட்டால் ரொக்கெட் நேரே போகாமல் கரணம் அடிக்கும். அம்பின் வாலில் இறகு கட்டுவதும் இதற்காகத்தான். அசல் சாட்டர்ன் 5 தன் எஞ்சின்களைத் திருப்பித் திருப்பி நேரே போனது. அதனால் அதற்குச் சின்ன வால்தகடுகளே போதுமாயிருந்தன. மாதிரிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே மூக்கில் கொஞ்சம் பாரம் வைக்க வேண்டும், அல்லது வால்தகடுகளைப் பெரிதாக்க வேண்டும். இதைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. புவியீர்ப்பு மையத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேலே வட்டமாகச் சுற்றிப் பார்ப்பது. மூக்கு முன்னால் போனால் நல்லது. வால் முன்னால் வந்தால் பறக்க விடவே கூடாது.

பாராசூட்டைத் தைத்தவர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்கள் தோழி. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவர். ஆறு துண்டு நைலோன் துணியை வெட்டி, ஓரம் மடித்து, நடுவில் வட்டமாக ஒரு துவாரம் விட்டுத் தைத்தார். அந்தத் துவாரத்தால் காற்று வெளியேறுவதால்தான் பாராசூட் ஊஞ்சல் ஆடாமல் இறங்குகிறது. அவருடைய தையலைப் பார்த்த பௌதிகவியல் ஆசிரியர், ஆய்வுகூடத்தில் வைப்பதற்கும் ஒன்று கேட்டார்.

இனிப் பறக்கவிடும் கதை. இந்த வகை ரொக்கெட்டைக் கருமருந்து அடைத்த சிறு மோட்டார் தூக்குகிறது. அதன் உறையில் D12-3 என்பதுபோல எழுதியிருக்கும். எழுத்து அதன் மொத்தக் கணத்தாக்கைக் காட்டும். ஒவ்வோர் எழுத்தும் முந்தியதைப்போல் இரண்டு மடங்கு. 12 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 3 என்பது எரிந்து முடிந்து மூன்று செக்கனில் பாராசூட்டை வெளியே தள்ளும் என்று அர்த்தம். அமெரிக்காவில் 1950களில் சிறுவர்கள் தாங்களாகவே மருந்து கலந்து ரொக்கெட் செய்யப்போய்க் காயப்பட்டார்கள். நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் செய்த மாதிரி ரொக்கெட்டை ஹரி ஸ்டைன் என்பவர் பரப்பினார். தொழிற்சாலையில் செய்த மோட்டார், மின்சாரத்தால் தூரத்திலிருந்து பற்றவைத்தல், காகித உடல் என்ற ஒழுங்கு அப்படித்தான் வந்தது.

நமது நாட்டில் வெடிபொருள் சட்டப்படியான அனுமதி இல்லாமல் கருமருந்தைத் தொட முடியாது. அந்த மோட்டாரை விமானப் பொதியில் கொண்டுவரவும் முடியாது. தங்கைமாரே, தீக்குச்சி மருந்தையோ பட்டாசு மருந்தையோ வைத்து எவரும் எதையும் செய்துபார்க்கக் கூடாது. இதை அக்காமாரின் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இந்தச் சாட்டர்ன் மேசையில் நிற்கிறது. இதே உயரத்தில் நீர் ரொக்கெட் ஒன்றைச் செய்து விளையாட்டு மைதானத்தில் பறக்கவிட்டோம். சோடா அடைத்து வரும் பெரிய பிளாஸ்ரிக் போத்தல்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப். தண்ணீர் கீழே பாய, ரொக்கெட் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதாமலே படித்தோம். அழுத்தம் ஏற்றும்போது கண்ணாடி அணிந்து, தூரத்தில் நின்று, கயிற்றை இழுத்து விடுவித்தோம். மடுல்சீமையில் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ரொக்கெட் காற்று வரும் திசைக்கே தலையைத் திருப்பும், இறங்கும்போது பாராசூட் அதை எதிர்ப்பக்கம் கொண்டுபோகும். அதனால் பனி விலகி, காற்று எழும்ப முன்னர், காலையில் விட்டோம். தேயிலை மலைக்குள் போய் விழுந்ததை வேலைக்குப் போன ஓர் அம்மாதான் எடுத்துவந்து தந்தார். மொரட்டுவையிலுள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவகம் பாடசாலை மாணவருக்கு நீர் ரொக்கெட் போட்டிகளை நடத்தி வந்திருக்கிறது. அந்த மேடையில் நமது பாடசாலையின் பெயரும் ஒலிக்க வேண்டும்.

மாதிரி என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஈவ்ஸ் என்பவர், வாகனங்களின் உடலைத் திருத்தும் தொழிலாளி. இதே சாட்டர்னைப் பத்தில் ஒரு பங்கு அளவில் கட்டினார். உயரம் ஏறத்தாழ 11 மீற்றர். இந்த மேசை ரொக்கெட்டைவிட உயரம் பத்து மடங்கு, ஆனால் கனவளவு ஆயிரம் மடங்கு. நிறை 750 கிலோ அளவில். 2009 ஏப்ரல் 25ஆம் திகதி மேரிலாந்தில் ஒன்பது மோட்டார்களோடு எழும்பி, 1,350 மீற்றர் அளவு ஏறி, பாராசூட்டுகளில் தரை இறங்கியது. அவர் பேராசிரியர் அல்ல, தகடு தட்டிப் பூச்சுப் பூசத் தெரிந்தவர்.

இப்போது நமக்குக் கிட்டிய ஒரு கதை. இந்தியாவில் 75 பாடசாலைகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து ஆசாதிசாட் என்ற சிறு செய்மதிக்குப் பாகங்கள் செய்தார்கள். மதுரைக்குப் பக்கத்துத் திருமங்கலம் அரசு பெண்கள் பாடசாலைப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2022 ஓகஸ்ட் 7ஆம் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து புதிய ரொக்கெட் அதை ஏற்றிச் சென்றது. சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை, செய்மதி வீணானது. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் அன்று இரவு எப்படி இருந்திருக்கும்! ஆனால் ஆறு மாதத்தில் இரண்டாவது செய்மதி தயாரானது. 2023 பெப்ரவரி 10ஆம் திகதி அது 450 கிலோமீற்றர் உயரத்தில் தன் பாதையில் நின்றது. நமது நாட்டின் இராவணா-1 செய்மதியை ஜப்பானில் இருந்து செய்த இரண்டு இலங்கைப் பொறியியலாளரில் ஒருவர் துலானி சாமிகா என்ற பெண். அது 2019 யூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது.

எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவது வாய்ப்பை யார் கொடுப்பது? இதுதான் எங்கள் கேள்வி. ஒரு முறை கணிதத்தில் தவறினால் கொழும்பில் ஒரு வீட்டு வேலை, அல்லது ஆடைத் தொழிற்சாலை. நன்றாகச் செய்தாலும் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கப் பதுளைக்குப் போக வேண்டும். பசறை வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது. தங்கிப் படிக்கச் செலவு. பெண்பிள்ளையைத் தனியே விடப் பெற்றோருக்குப் பயம். ரோபேரியிலும் கொக்காகலையிலும் பட்டாவத்தையிலும் எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த இடத்தோடு நின்றுவிட்டார்கள் என்று இங்கே இருக்கும் ஒவ்வோர் அக்காவுக்கும் தெரியும். பலருக்கு அது சொந்தத் தங்கையின் கதை.

மாதிரி ரொக்கெட் பறக்க விடுவோரிடம் ஒரு விதி உண்டு. எவ்வளவு உயரம் போனது என்பது மட்டும் போதாது. சேதமில்லாமல் இறங்கி, திரும்பவும் பறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு இல்லாத ரொக்கெட்டை ஏவவே கூடாது. நாம் எல்லோரும் இங்கிருந்துதான் மேலே போனோம். கொழும்பில், சென்னையில், இலண்டனில், ரொறன்ரோவில் இருக்கிறோம். ஊரைவிட்டுப் போனது குற்றமில்லை. மீண்டும் வந்து அடுத்தவரைப் பறக்க வைக்கிறோமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நூற்றாண்டு நினைவாக வாசலில் வளைவு கட்டும் யோசனையை ஒரு வருடம் தள்ளிவைப்போம். அந்தப் பணத்தில் பதுளையில் தங்கி விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளைகளின் விடுதிச் செலவைப் பொறுப்பேற்போம். இரண்டாவது, கணிதமும் விஞ்ஞானமும் தெரிந்த அக்காமார் மாதம் ஒரு சனிக்கிழமை, நேரிலோ தொலைபேசி வழியாகவோ, ஒரு வகுப்புக்குக் கற்பியுங்கள். மூன்றாவது, பரீட்சையில் தவறிய பிள்ளையைத் தேடிப்போய் மறுமுறை எழுத வைக்க ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பழைய மாணவிகள் முன்வாருங்கள். இதற்குக் காசு தேவையில்லை, வீட்டுப் படியேறிப் போனால் போதும்.

லயத்துப் பிள்ளைக்கு மேசை கேட்ட அந்த அக்கா, கூட்டம் முடிவதற்குள் முதல் பெயராகத் தன் பெயரை எழுதித் தந்தார். வெளியே மேசையில் பதிவுப் புத்தகம் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த மலரைப் படித்த கையோடு சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள்.