மூன்று வயதிலேயே தொடங்குவோம்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியையும் கல்லூரி இடங்களையும் எண்ணி வந்திருக்கிறோம். அது வேண்டிய பணியே. ஆயினும், முதல் வகுப்பில் குழந்தைகளை ஆண்டுதோறும் வரவேற்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்றைக் காண்கிறோம். ஒரு குழந்தை வந்த அன்றே கதை சொல்கிறது. மற்றொன்று வாசலிலேயே அழுது நிற்கிறது. இவ்வேறுபாடு பிறப்பால் வந்ததன்று. மூன்று வயது முதல் ஐந்து வயது வரை கிடைத்ததும் கிடைக்காததுமே காரணம்.

தமிழ்நாட்டில் நம்முடையதைப் போன்ற சிறு நகரங்களில் கட்டணமின்றிப் பயில மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஊட்டச்சத்து, தடுப்பூசி ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அடங்கும். இரண்டாவது, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள். மூன்றாவது, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் ஒதுக்க வேண்டிய 25 விழுக்காடு இடங்கள். விண்ணப்பம் மிகுந்தால் இதற்குக் குலுக்கலே முடிவு.

குலுக்கலில் இடம் பெறாத பெற்றோர் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் செலுத்துகின்றனர். இரண்டு மூன்று ஆண்டுகளில் இயலாமற்போய், மாற்றுச் சான்றிதழோடு எங்களிடம் வருகின்றனர். கடன் மட்டும் நிற்கிறது. அவர்களை நாங்கள் குறை கூறோம். பிள்ளை உயர வேண்டும் என்னும் ஆசையே அது.

“அங்கன்வாடியில் சோறுதான் கிடைக்கும்” என்பார் பலர். சமைக்க உதவியாளர் உண்டு. ஆனால் எடை பார்ப்பதும், பதிவேடு எழுதுவதும், வீடுவீடாகச் செல்வதும், பாடம் நடத்துவதும் ஒரே பணியாளரென்றால் நேரம் ஏது? தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களின் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2024இல் வெளியாயின. அவற்றுள் பாதி மையங்களில், கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரு மடங்காயிற்று. பதினெட்டுத் திங்களில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினர், ஊட்டக்குறைவும் தணிந்தது. ஆகவே குறை குழந்தைகளிடத்தில் இல்லை. கை போதாமையே குறை.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பெற்ற அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆறு வயது வரையிலான கல்விக்கு அரசு முயல வேண்டும் என்றே கூறுகிறது. ஆறு முதல் பதினான்கு வரைதான் அடிப்படை உரிமை. முயற்சியை உரிமையாக்குவது நம் கோரிக்கையாக வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருத்தல் தகாது. மூன்று வயது நிரம்பிய ஒவ்வொரு குழந்தையையும் அங்கன்வாடியில் சேர்த்து, நாள்தோறும் அனுப்புவோம். படித்த இளைஞர்கள், பணியாளரின் இசைவோடு, வாரம் இருமுறை கதையும் பாட்டும் சொல்லட்டும். கூடுதல் பணியாளர் வேண்டி நகராட்சி உறுப்பினரிடமும் திட்ட அலுவலரிடமும் நம் சங்கம் மனு அளிக்கட்டும்.

பொன்விழா மேடையில் பேசப்போகிறவர் இன்று மூன்று வயதுக் குழந்தை. அக்குழந்தையின் கையை இன்றே பற்றுவோம்.