குடிமையும் உடன்பிறப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நாட்டுணர்வு, நாட்டு மக்களிடையே உள்ள உறவு ஆகியவை பற்றிப் பேசவேண்டும் என்று வட்டத்தின் செயலாளர் பணித்தார். இத்தகைய பொருளைக் கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டைச் சொல்லித் தொடங்குவது நம் மேடை மரபு. அப்பாட்டு உலகையே தழுவி நிற்பது. ஆயினும் இன்று அவ்வளவு தொலைவு செல்ல நான் விரும்பவில்லை. உலகத்தார் அனைவரையும் உறவென்று பாடுதல் எளிது. அடுத்த தெருவில் வாழ்பவரை உறவென்று ஏற்றலே அரிது. ஆதலால், நாம் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். 'குடிமை' என்பதே அச்சொல்.

பிறப்பா, ஒழுக்கமா?

இன்று குடிமை என்றால் நாட்டின் உறுப்பினராய் இருக்கும் நிலை என்று பொருள் கொள்கிறோம். பள்ளியில் குடிமையியல் படிக்கிறோம். இளைஞர்கள் குடிமைப்பணித் தேர்வு எழுதுகிறார்கள். நியாய விலைக் கடையில் குடிமைப்பொருள் வாங்குகிறோம். ஆனால் திருக்குறளின் 96-ஆம் அதிகாரமாகிய குடிமையில் இப்பொருள் இல்லை. அங்கே குடிமை என்பது நற்குடியிற் பிறந்த சிறப்பு. பிறப்பால் வாய்க்கும் பெருமையே அச்சொல்லின் பழைய பொருள்.

எனினும் வள்ளுவர் அவ்வளவில் நிற்கவில்லை. ஒழுக்கமுடைமை அதிகாரத்தில், ஒழுக்கமே குடிமை என்றும், அதில் தவறினால் அது இழிந்த பிறப்பாகிவிடும் என்றும் கூறுகிறார். பிறப்பைக் குறித்த ஒரு சொல்லை நடத்தையின் பக்கம் அவர் திருப்பி வைத்தார். குடிமை என்பது தானாக வந்து சேர்வதன்று, செய்து பெறுவது என்னும் கருத்தின் வித்து அங்கேயே விழுந்துவிட்டது. அது முளைக்க நெடுங்காலம் பிடித்தது.

இடைக்காலத்தில் அச்சொல் வேறு வழியில் நடந்தது. சோழர் கல்வெட்டுகளில் குடிமை என்பது ஒரு வரியின் பெயராக வருகிறது. பிற்காலக் கிராமத்தில் குடிமக்கள் என்றால், ஊரார்க்குத் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து, களத்தில் அளக்கும் தானியத்தைக் கூலியாகப் பெற்ற வண்ணார், நாவிதர் முதலானோர். குடிமகன் என்றாலே பல ஊர்களில் நாவிதரைத்தான் குறிக்கும். யாழ்ப்பாணத்திலும் குடிமை என்பது தொண்டுக்குக் கட்டுப்பட்ட சாதியாரைச் சுட்டிய சொல். உயர்குடிப் பெருமையைக் குறித்த சொல்லே ஏவல் செய்வோரையும் குறிக்கலாயிற்று. மேலே நிற்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் ஒரு சொல் பொதுவாக இருந்தது. ஆனால் அவர்கள் இருவரும் சமமாக நிற்கும் இடம் அச்சொல்லில் இல்லை.

அவ்விடம் எப்போது பிறந்தது? என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி விடை கூற முயல்கிறேன்.

ஒரு வரிசை

வைகைக் கரையில் எங்கள் சிற்றூர். 1952 சனவரியில் முதற் பொதுத்தேர்தல். தொடக்கப்பள்ளியில் வாக்குச்சாவடி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. என் பாட்டனார் சென்று நின்றபோது அவருக்கு முன்னால் நின்றவர் ஊர்க் குடிமகன். பாட்டனாரின் முகத்தைப் பல்லாண்டுகளாக மழித்தவர். பாட்டனாரைக் கண்டதும் அவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "அய்யா, நீங்க முன்னால போங்க" என்று ஒதுங்கினார். அங்கிருந்த அலுவலர் வெளியூர் ஆசிரியர். வந்த வரிசைப்படியே நிற்கவேண்டும் என்று சொல்லிக் குடிமகனை அவருடைய இடத்தில் திரும்ப நிறுத்திவிட்டார். பாட்டனார் வாக்களிக்காமலே வீடு திரும்பினார்.

என் அப்பத்தா அதற்குள் வாக்களித்துவிட்டு, விரலில் மையுடன் அடுப்படியில் இருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சோறு போட்டார். பிறகு இவ்வளவுதான் சொன்னாராம்: "அவனுக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணு, உங்களுக்கும் ஒண்ணுதானாம். உங்களோடது வீணாப் போகணுமா?" மாலையில் பாட்டனார் மீண்டும் சென்று வரிசையில் நின்று வாக்களித்தார்.

மறுநாட் காலையில் குடிமகன் வழக்கம்போல் கொல்லைப்புறமாக வந்தார். அவருக்குரிய தானியம் வழக்கம்போல் கொல்லைப்புறத்திலேயே அளக்கப்பட்டது. அப்பத்தா இக்கதையை எனக்குச் சொல்லும்போதெல்லாம் இதையும் மறைக்காமல் சொல்வார்.

பட்டியலில் எழுதிய பெயர்

அந்த ஒரு நாள் வரிசைக்குப் பின்னால் பெருமுயற்சி ஒன்று இருந்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகள் உடைய ஏறத்தாழ 3 கோடிப் பேருக்கே வாக்குரிமை இருந்தது. முதற் பொதுத்தேர்தலின் பட்டியலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். இப்பட்டியலைத் தயாரிக்கும் பணி அரசமைப்புச் சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே, 1948-இல் தொடங்கியது. பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகள், குறிப்பிட்ட காலம் ஓரிடத்தில் வசித்ததாகக் காட்ட இயலாத நிலையில் இருந்தார்கள். நிலையாக இங்கே வாழ எண்ணுகிறோம் என்று அவர்கள் அளித்த உறுதிமொழியே போதும் என ஏற்று, அவர்கள் பெயர்களையும் எழுதினார்கள். எங்குப் பிறந்தாய் என்று கேட்காமல், எங்களோடு வாழ விரும்புகிறாயா என்று கேட்ட பட்டியல் அது.

பெண்கள் செய்தி தனியே சொல்லத்தக்கது. வடமாநிலங்கள் சிலவற்றில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே பதிவு செய்துகொண்டனர். பெயரின்றிப் பட்டியலில் இடமில்லை என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அது இழப்புத்தான். ஆனால் அதன் கருத்து ஆழமானது: நாடு ஒரு பெண்ணை அவள் பெயரால் அறிய விரும்பியது, வீடு அப்பெயரை வெளியே விடத் தயங்கியது. குடிமகன் என்று ஆண்பாலில் அமைந்த சொல்லுக்குள் பெண் நுழைவதற்கு முதலில் அவளுக்குத் தன் பெயர் வேண்டியிருந்தது.

அதே 1948-இல், பாக்கு நீரிணைக்கு அப்பால் இதற்கு நேர்மாறானது நடந்தது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் 1947 தேர்தலில் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டுச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்று. இந்தியாவுக்கு வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் சூட்டினோம். அவர்களில் பலர் அத்தாயகத்தை அதற்குமுன் கண்டதே இல்லை. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களது மறுவாழ்வுக்காகவே தொடங்கப்பட்டன. அங்கேயே தங்கி நாடற்றோராய் எஞ்சியவர்களின் துயர் தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, நேற்று வந்தவரைச் சேர்த்துக்கொண்டது. மற்றொன்று, நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தைத் தம் முதுகிற் சுமந்தவர்களை நீக்கியது. நாட்டுறவு என்பது மண்ணில் தானாக விளைவதன்று. மனிதர் ஒருவரையொருவர் எழுதிக்கொள்வதால் உண்டாவது, அடித்துவிடுவதால் அழிவது.

பட்டியல் போதுமா?

போதாது என்பதை அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கியோரே உணர்ந்திருந்தனர். 1946 டிசம்பரில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் சகோதரத்துவம் என்னும் சொல் இல்லை. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவே அதனை முகப்புரையில் சேர்த்தது. 1949 நவம்பர் 25-ஆம் நாள் ஆற்றிய உரையில், பல்லாயிரம் சாதிகளாகப் பிரிந்து நிற்கும் மக்கள் எவ்வாறு ஒரு தேசமாக முடியும் என்று அவர் வினவினார். உடன்பிறப்புணர்வு இல்லையேல் சுதந்திரமும் சமத்துவமும் மேற்பூச்சு அளவிலேயே நின்றுவிடும் என்று எச்சரித்தார்.

மொழி மாணவி என்ற முறையில் இச்சொல்லை எண்ணி வியக்கிறேன். சகோதரர் என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவர். உடன்பிறப்பு என்றால் கூடவே பிறந்தவர். கூடப் பிறவாதவர்களைப் பார்த்துத்தான் இச்சொல்லைச் சொல்லச் சொல்கிறது சட்டம். ஒழுக்கத்தைக் குடிமை என்று வள்ளுவர் சொன்னதும் இத்தகைய செயல்தான். பிறப்பின் சொல்லை எடுத்து, பிறப்பு தரமுடியாத உறவுக்குச் சூட்டுதல் அது. வரிசையைச் சட்டம் அமைத்துவிடும். கொல்லைப்புறக் கதவைச் சட்டத்தால் மட்டும் மாற்ற இயலாது. அதனை வீட்டில் இருப்பவர்தாம் மாற்றவேண்டும்.

அன்பர்களே, நான் சங்க இலக்கியக் குடிகளைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவள். பாணர், துடியர், கடம்பர் என்று ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குடிகளின் பெயர்களை வகுப்பில் ஒப்பிப்பவள். நான் சிறுமியாக இருந்தபோது அந்தக் குடிமகன் முதியவராக எங்கள் கொல்லைப்புறத்தில் வந்து நின்றதைக் கண்டிருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. 1952-ஆம் ஆண்டின் வாக்காளர் பட்டியலில் அப்பெயர் அச்சாகியிருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் அப்பெயரைச் சொல்லி அவரை அழைத்ததில்லை. இவ்வுரையை எழுத அமர்ந்தபோதுதான் அது என்னை உறுத்தியது.

சென்ற மாதம் ஊருக்குச் சென்று அவருடைய பேரனின் வீட்டைத் தேடிப் போனேன். முன்கூடத்தில் நாற்காலி போட்டு அமரச் செய்து காப்பி கொடுத்தார்கள். தயங்கித் தயங்கி, "உங்கள் தாத்தாவின் பெயர் என்ன?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் இசைவின்றி அப்பெயரை இம்மேடையில் சொல்வது முறையன்று. ஆனால் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

எழுபது ஆண்டுகளுக்கு முன் நாட்டின் பட்டியலில் ஏறிய ஒரு பெயர், இப்போதுதான் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. உங்கள் வீடுகளுக்குள்ளும் இன்னும் வராத பெயர்கள் இருக்கக்கூடும். அவற்றைக் கேட்டறிவதும் இலக்கியப் பணியே என்று கருதுகிறேன்.