ஊருக்குப் பொதுவான மென்பொருள்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஏரியும், களமும், மேய்ச்சல் நிலமும் ஊருக்குப் பொதுவானவை என்பதை நாம் அறிவோம். கணினியை இயக்கும் மென்பொருள்களிலும் அவ்வாறு பொதுவானவை உண்டு. அவை எவை, நம் ஊராட்சி அலுவலகத்துக்கு அவற்றால் விளையும் நன்மை யாது, அவற்றின்பால் நமக்குள்ள கடமை யாது என்பனவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

மூடியைத் திறக்கும் உரிமை

நம் கிணற்றில் பம்பு செட்டு ஒன்று ஓடுகிறது. அது பழுதுபட்டால் பக்கத்து ஊர் மெக்கானிக்கை அழைத்து, மூடியைக் கழற்றிச் சரிசெய்து கொள்கிறோம். “மூடியைத் திறக்கலாகாது, பழுது பார்ப்பதும் நாங்களே, வேறு கிணற்றில் பூட்டவும் கூடாது” என்று விற்றவர் நிபந்தனை விதித்தால் அதனை நாம் வாங்குவோமா? ஆயினும் மென்பொருள்கள் பல இத்தகைய நிபந்தனைகளுடனேயே விற்கப்படுகின்றன.

மென்பொருள் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பாகும். மனிதர் படித்தறியும் வடிவில் எழுதப்பட்ட அக்கட்டளைகளுக்கு மூலநிரல் என்று பெயர். அதனை மறைத்து வைக்காமல், யாவரும் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும் உரிமை தருவதே திறமூல மென்பொருள். கட்டற்ற மென்பொருள் என்றும் இதனைச் சொல்வதுண்டு.

அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983ஆம் ஆண்டில் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்து இம்முயற்சிக்கு வித்திட்டார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். பல நாட்டு அறிஞர்கள் அதனைத் திருத்தி வளர்த்தனர். இன்று நாம் மடியில் வைத்திருக்கும் ஆண்டிராய்டு கைபேசி அந்த லினக்ஸ் கருவின் மேல்தான் இயங்குகிறது. ஆகவே இது நமக்குப் புதிய பொருளன்று. பெயர் அறியாமலே நாம் பயன்படுத்தி வரும் பொருளாகும்.

நம் நாட்டிலும் சி-டாக் என்னும் அரசு நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. அரசு அலுவல்களில் திறமூல மென்பொருளைக் கைக்கொள்வதற்கான கொள்கையை மத்திய அரசு 2015இல் அறிவித்தது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய மென்பொருளைக் கொண்டே கணினி பயில்கின்றனர்.

ஊராட்சிக்கு விளையும் பயன்

முதலாவது பயன் ஆவணங்களைப் பற்றியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய தீர்மானப் புத்தகத்தை இன்றும் எவரும் திறந்து படிக்கலாம். கணினியில் எழுதுவதும் அவ்வாறே நிலைத்திருக்க வேண்டாவா? லிபர் ஆபீஸ் என்னும் மென்பொருளில் கடிதம் எழுதலாம். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு ஆகியவற்றுக்குப் பட்டியல் அமைக்கலாம். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை, தமிழிலும் இயங்கும். அது கோப்புகளைச் சேமிக்கும் முறை 2006இல் உலகத் தர நிர்ணய அமைப்பால் ஏற்கப்பெற்றது. அம்முறையின் விவரம் யாவர்க்கும் வெளிப்படை. எனவே ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் நம் பதிவேடு மூடிக்கொள்ளாது.

இரண்டாவது, பழைய கணினிகளைப் பற்றியது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்துக்கு 2014 ஏப்ரல் மாதத்துடன் பொதுப் பராமரிப்பு நிறுத்தப்பட்டது. மூலநிரல் பிறரிடம் இல்லாமையால் அதனைத் தொடர்ந்து பேண வேறெவராலும் இயலவில்லை. இவ்வாறு கைவிடப்பட்ட கணினிகள் பலவற்றில் எளிய லினக்ஸ் வகை ஒன்றை நிறுவி, எழுத்து வேலைக்குப் பயன்படுத்த முடியும்.

மூன்றாவது, ஊர்ப் படம். க்யூஜிஐஎஸ் என்னும் திறமூல மென்பொருளைக் கொண்டு ஏரி, மதகு, வாய்க்கால், ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றைப் படமாக வரையலாம். கைபேசியுடன் வாய்க்கால் வழியே நடந்து இடங்களைக் குறித்துவந்தால் போதும். எந்த இடத்தில் வாய்க்கால் தூர்ந்துள்ளது என்பதைக் கிராம சபையில் யாவரும் கண்டு முடிவு செய்யலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது: நாம் வரையும் படம் வருவாய்த் துறையின் நில அளவைப் படத்துக்கு ஈடாகாது. எல்லைத் தகராறுக்கு அதனைச் சான்றாகக் காட்டுதல் கூடாது.

தூர் வாராத ஏரி

பொதுவானது என்பதாலேயே கவனிப்பாரற்றுப் போகும் அபாயமும் உண்டு. ஏரி நீரை யாவரும் பாய்ச்சிக்கொண்டு, மதகைப் பேணும் வேலையை மட்டும் பிறரிடம் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பது நாம் அறிந்ததே. மென்பொருளிலும் அவ்வாறே நேர்ந்தது.

இணையத்தில் செல்லும் செய்திகளைப் பிறர் அறியாவண்ணம் காக்கும் ஓபன் எஸ்எஸ்எல் என்பது ஒரு திறமூல மென்பொருள். உலகின் பெரும் நிறுவனங்கள் பலவும் அதனை நம்பியிருந்தன. 2012இல் வெளிவந்த பதிப்பில் புகுந்த பெரும் பிழையொன்று 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. அதனைப் பேணும் பணியில் அப்போது முழு நேரமாக ஈடுபட்டிருந்தவர் ஒருவரே என்ற செய்தி பின்னர் தெரிய வந்தது. நீரைப் பாய்ச்சியவர் பலர். தூர் வாரியவர் ஒருவர்! அதன் பின்னரே பெரிய நிறுவனங்கள் கூடி இத்தகைய பொது மென்பொருள்களைப் பேணப் பொருளுதவி செய்யத் தொடங்கின.

நம் முன்னோர் குடிமராமத்து என்னும் முறையால் ஏரியைக் காத்தனர். பயன்பெறுவோர் யாவரும் தம்மால் இயன்ற உழைப்பைத் தர வேண்டும் என்ற அந்நெறி இதற்கும் பொருந்தும். நிரல் எழுத அறியாதவரும் உதவலாம். தமிழாக்கத்தில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டலாம். 2004இல் தொடங்கப்பெற்ற ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது உலகப்படத்தில் நம் ஊர்த் தெருவின் பெயரையும் குளத்தின் பெயரையும் சேர்க்கலாம். படித்த இளைஞர்களுக்கு இது ஏற்ற பணியாகும்.

நாம் செய்ய வேண்டுவன

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முற்படுதல் அறிவுடைமையன்று. முதலில் ஒரே ஒரு பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். புதிய முறை கைவரும் வரை பழைய புத்தகத்தையும் உடன் எழுதி வருவோம். மென்பொருளை அதற்குரிய அதிகாரபூர்வமான இணையதளத்திலிருந்து மட்டுமே பெறுவோம். கோப்புகளின் படியை வேறோர் இடத்திலும் பத்திரப்படுத்துவோம். ஒருவர் மாறிச் சென்றாலும் வேலை நில்லாதிருக்க, இருவருக்கேனும் பயிற்சி அளிப்போம். அரசின் இணையதளங்களுக்கும், மின்கையொப்பச் சாதனத்துக்கும் குறிப்பிட்ட இயங்குதளம் தேவைப்படுதல் கூடும். அதனை மேலலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கணினியின் இயங்குதளத்தை மாற்றுவோம்.

திறமூல மென்பொருளுக்கு விலை இல்லாதிருக்கலாம்; உழைப்பு இல்லாமல் அது பயன் தராது. ஊரின் கணக்கும் ஊரின் படமும் ஊராரின் கையிலேயே இருத்தல் வேண்டும் என்று கருதுவோமாயின், அவ்வுழைப்பு வீண்போகாது. பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோம். பயன்படுத்துவதோடு நில்லாமல் பேணவும் செய்வோமாக!