மூலம்தான் என்று இருந்துவிடாதீர்கள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

வயிற்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். நான் வைத்தியனல்ல. ஆனாலும் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறதை நோயாளிகள் போதகரிடம் சொல்லுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் உபதேசியார் ஒருவர், மலத்தோடு இரத்தம் போவதாக என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மூலமாயிருக்கும் உபதேசியாரே, கருணைக்கிழங்கு சாப்பிடுங்கள்" என்று சொன்னவன் நான்தான். அவரும் சாப்பிட்டார். ஏழு மாதம் கழித்து, இளைத்து வெளிறிப்போய் வார்டில் கிடந்தார். பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அவருடைய அடக்க ஆராதனையையும் நானே நடத்தினேன்.

அதன்பின் டாக்டர்களிடம் கேட்டறிந்ததைச் சொல்லுகிறேன். வாயு, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் பெரும்பாலும் உணவிலும் நடையிலும் சிறு மருந்திலும் அடங்கிவிடும். இரத்தம் போவதும் பல சமயம் மூலமே. ஆனால் மூலமா, புற்றா என்று பரிசோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. இரத்தம், சில வாரங்களாக மலம் கழிப்பதில் மாறுதல், காரணமில்லாத இளைப்பு, இரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

இந்தப் புற்று பெரும்பாலும் குடலின் உட்சுவரில் 'பாலிப்' என்னும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகச் சுமார் 10 ஆண்டுகள் ஆகுமாம். எவ்வளவு அவகாசம் பாருங்கள்! கொலனாஸ்கோப்பி செய்யும்போதே அதை அகற்றிவிடலாம். (சோதனையைவிட, முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான் கஷ்டம் என்கிறார்கள்.) தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் காட்டும் மலச் சோதனையும் உண்டு. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயதுவரை 2 ஆண்டுக்கொருமுறை சோதனைக் குப்பியை வீட்டுக்கே தபாலில் அனுப்புகிறார்கள். இந்த நோய் நம் நாட்டில் மேல்நாடுகளைவிடக் குறைவுதான். 2016-ல் மத்திய அரசு வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனை நெறிமுறையில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும் இருந்தன, குடல் இல்லை. ஆகவே 50 வயதானவர்கள் நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ வந்திருந்தால் 40 வயதிலேயே கேளுங்கள். அவர்களுக்கு 50 வயதுக்குள் வந்திருந்தால் அந்த வயதுக்கு 10 ஆண்டு முன்னதாகவே.

உபதேசியாருக்கு இரண்டு குமாரர். மூத்தவருக்கு வயது 44. "எனக்கு ஒன்றுமில்லை ஐயா" என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டார். சென்ற ஆண்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பாலிப்புகளை எடுத்தார்கள். மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்.

இளையவர் இன்னும் வரவில்லை. வருகிற சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.