தில்லி முள்ளங்கி

கார்த்திகை பிறந்து குளிர் தலைகாட்டியதும், தில்லித் தெருக்களில் வரும் காய்கறி வண்டிகளில் முள்ளங்கி தழையும் கிழங்குமாகக் குவிந்துவிடும். தழையை ஒடித்து எறியச் சொல்லிவிட்டுக் கிழங்கை மட்டும் வாங்கி வருவது நம்மில் பலருடைய வழக்கம். வீட்டிற்கு வந்ததும், ஊரில் உண்ட கீரை இங்கே கிடைப்பதில்லையே என்று வருந்துவதும் நமது வழக்கமே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முள்ளங்கி கடுகின் உறவு. சிலுவை போல அமைந்த அதன் நான்கிதழ்ப் பூவே அதற்குச் சான்று. காரமும் அந்த உறவினால் வந்ததே. கிழங்கை அரியும்போதும் மெல்லும்போதும் அதிலுள்ள கந்தகச் சேர்மம் ஒன்று நொதியோடு கலந்து காரம் பிறக்கிறது. வேகவைத்தால் அது தணிந்துவிடுகிறது. ஆகவே, சாம்பாரில் மட்டும் முள்ளங்கியைக் கண்டவர்கள் அதன் இயல்பில் பாதியையே அறிவார்கள்.

தில்லிவாசிகளோ அதை முழுமையாக அறிந்தவர்கள். தோல் சீவிய கிழங்கில் உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவிப் பச்சையாகவே உண்பார்கள். 'ராம் லட்டு' என்னும் பருப்புப் பக்கோடாவின் மேல் அதைத் துருவித் தூவுவார்கள். தழையை வதக்கிக் கறி செய்வார்கள். பூவுக்குப்பின் வரும் பிஞ்சுக் காயையும் விடுவதில்லை.

இங்குள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1905-இல் பீகாரிலுள்ள பூசாவில் தோன்றியது. 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தபின், 1936-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. நம்மைப் போலவே அதுவும் பழைய ஊர்ப்பெயரை விடவில்லை. குளிருக்கேற்ற 'பூசா ஹிமானி', கோடைக்கேற்ற 'பூசா சேத்கி' ஆகிய முள்ளங்கி வகைகள் அந்நிலையம் அளித்தவை.

இனி, நாம் எறியும் தழைக்கு வருவோம். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, வைட்டமின் 'சி' ஆகிய மூன்றும் கிழங்கைவிடத் தழையிலேயே மிகுதி. வீட்டிற்கு வந்தவுடன் தழையைத் தனியே அரிந்து வைக்கவேண்டும். இல்லாவிடில் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி, கிழங்கை வாடச் செய்யும். மணல் போகப் பலமுறை அலசி, இளந்தழையைப் பொடியாக நறுக்கித் துருவிய கிழங்கோடு சேர்த்து, எலுமிச்சை பிழிந்து கடுகு தாளித்தால் நல்ல பச்சடியாகும். சுணையுள்ள முற்றிய தழையைப் பாசிப்பருப்புடன் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டால் நம் ஊர்க் கீரைக் கூட்டேதான்.

புதிய ஊரில் நாம் இழந்தவற்றை எண்ணுவது எளிது. கையில் கொடுக்கப்படுவதைக் காண்பதுதான் அரிது. அடுத்த முறை வண்டிக்காரர் தழையை ஒடிக்கக் கையெடுக்கும்போது, 'ரஹ்னே தீஜியே' என்று சொல்வோம். 'இருக்கட்டும்' என்பதே அதன் பொருள். நாம் தேடிய கீரை நம் பையோடு வீடு வந்து சேரும்.