எங்கள் வீட்டு இளவேனில்

இளவேனில் என்ற சொல்லைக் கேட்டவுடன், ஏட்டில் கற்ற வேறொரு நாட்டின் காட்சியே நம்மில் பலருடைய மனக்கண்முன் வந்து நிற்கும். பனி உருகுகிறது, உறங்கிக் கிடந்த புல் தலை நீட்டுகிறது, மக்கள் கம்பளி ஆடைகளைக் களைந்துவிட்டு வெளியே வருகின்றனர். அது மேலைநாட்டு இளவேனில். நம் இளவேனில் வேறு. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த நம் முன்னோர், சித்திரையையும் வைகாசியையும் இளவேனிலுக்கு உரிய திங்கள்களாக வைத்தனர். அத்திங்கள்களில் உருகுவதற்கு நம் நாட்டில் பனி ஏது? உருகுபவர் நாம்தாம்! ஆயினும் அந்த வெயிலில்தான் வேம்பு பூக்கிறது, புங்கு தளிர்க்கிறது, சரக்கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடுகிறது, குயில் ஓயாது கூவுகிறது. நாம் கதவைச் சாத்திக்கொள்ளும் காலத்தில் மரங்கள் விழாக் கொண்டாடுகின்றன.

நான் திருச்சிராப்பள்ளியில் குடியிருப்பவன். எனக்கு இரண்டு பெண்மக்கள். மூத்தவளுக்கு வயது 12. இளையவளுக்கு வயது 8. இவ்விருவரோடும் கூடிக் கழிக்கும் இளவேனிலைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். இதில் வியத்தகு நிகழ்ச்சி எதுவும் இல்லை. எல்லார் வீட்டிலும் நடப்பவையே எங்கள் வீட்டிலும் நடக்கின்றன. ஆனால், அன்றாட வாழ்க்கையில் நாம் செய்யும் சிறு செயல்களே குழந்தைகளின் உள்ளத்தில் பெரிய எண்ணங்களாக வேரூன்றுகின்றன என்பதை மறுக்க முடியாது.

எங்கள் வீட்டில் இளவேனில் பங்குனியிலேயே தொடங்கிவிடுகிறது. அதன் வருகையை அறிவிப்பது மாவடு. என் மனைவி வடுக்களைக் கழுவி, துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் கடுகும் சேர்த்து ஊறுகாய்ச் சாடியில் இடுவாள். நாள்தோறும் அதைக் குலுக்கிவிடுவது இளையவளின் பொறுப்பு. மூன்றாம் நாள் அவள் சாடியைத் திறந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “அம்மா தண்ணீரே ஊற்றவில்லையே, அப்பா! சாடிக்குள் இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? வடுவெல்லாம் பாட்டியின் கன்னம்போல் சுருங்கிவிட்டதே!” என்றாள்.

நான் மறுமொழி கூறுமுன் மூத்தவள் முந்திக்கொண்டாள். உப்பு மிகுந்த இடத்தை நோக்கி, காயின் உள்ளே இருக்கும் நீர் அதன் மெல்லிய சவ்வுகளைக் கடந்து வெளியேறுகிறது என்றும், அதனால்தான் வடு சுருங்குகிறது என்றும் விளக்கினாள். சவ்வூடு பரவல் என்று அதற்குப் பெயராம். பாடநூலில் படித்தபோது வெறும் சொல்லாக இருந்தது, ஊறுகாய்ச் சாடியில் பொருளாகிவிட்டது. சமையலறையும் ஓர் ஆய்வுக்கூடமே. அங்கே புகுவோர் கண்ணைத் திறந்துகொண்டு புகவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து வருவது வேப்பம்பூ. மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டால், விடியலில் அது வெண்ணிறப் பூக்களால் நிறைந்திருக்கும். அக்காவும் தங்கையும் அதன் நான்கு முனைகளையும் பற்றித் தூக்கி வருவர். புதிதாய் உதிர்ந்த பூவில் தேனின் மணம் இருக்கும். நாவில் இட்டால் கசக்கும். சித்திரை முதல் நாளில் மாங்காயோடும் வெல்லத்தோடும் இப்பூவைச் சேர்த்துப் பச்சடி செய்வது நம் வழக்கம். இனிப்பை மட்டும் பொறுக்கி உண்ணும் இளையவள், “புத்தாண்டு அன்று கசப்பை ஏன் உண்ணவேண்டும்?” என்று ஆண்டுதோறும் கேட்பாள். “வரும் ஆண்டு முழுவதும் வெல்லமாகவே இருக்கும் என்று யாரும் வாக்களிக்கவில்லையே” என்று அவள் தாய் ஆண்டுதோறும் கூறுவாள்.

பிறகு வடகம். நன்கு வெயில் காயும் நாளாகப் பார்த்து, விடியுமுன்னே எழுந்து, அரிசி மாவைக் கூழாகக் கிளறவேண்டும். கனத்த அந்தப் பாத்திரத்தை மாடிக்குச் சுமந்து செல்வதும், நாழியில் இட்டுப் பிழிவதும் என் வேலைகள். துணி விரித்து நான்கு மூலைகளிலும் கல் வைப்பது மூத்தவளின் வேலை. காக்கைக்குக் காவல் இருப்பது இளையவளின் வேலை. பெண்களின் வேலை, ஆண்களின் வேலை என்ற பிரிவினை எங்கள் மொட்டை மாடியில் இல்லை. உண்பவர் அனைவரும் உழைக்கவேண்டும் என்பதே அங்குள்ள ஒரே சட்டம்.

காவல் இருந்தவளுக்கு ஒருநாள் குயிலைப் பற்றிய ஐயம் எழுந்தது. கூவுகின்ற கருங்குயில் ஆண் என்றும், பெண்குயில் பழுப்பு நிறமும் வெண்புள்ளிகளும் உடையது என்றும், குயில் தனக்கெனக் கூடு கட்டாமல் காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிடும் என்றும் நான் கூறினேன். சிறிது நேரம் சிந்தித்துவிட்டு, “அப்படியானால் நம் வடகத்தைத் திருட வரும் காக்கை, குயிலின் பிள்ளைக்காகவும் திருடுகிறதோ, அப்பா?” என்று கேட்டாள். “இருக்கலாம்” என்றேன். அன்றுமுதல் சுவரின் ஓரத்தில் ஒரு பிடி கூழ் காக்கைக்கென்று தனியே வைக்கப்படலாயிற்று. அறிவு வளர்ந்த இடத்தில் இரக்கமும் உடன் வளர்ந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தேன்.

இனி, நான் சிறப்பாகக் கூற விரும்பும் செய்திக்கு வருகிறேன். வடகம் காயும் அதே மாடியில் மார்ச்சுத் திங்களின் பிற்பகுதியில் நாங்கள் ஒரு கோலை நட்டோம். அதன் உயரம் சரியாக ஒரு மீட்டர். மண் நிரப்பிய தொட்டியில், தூக்குநூல் பிடித்து, சாயாமல் நிறுத்தினோம். நண்பகலில் கோலின் நிழல் மிகவும் குறுகும் வேளையில், அதன் முனை எங்கே விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் குறிப்பதே எங்கள் வேலை. மார்ச்சு 21-ஐ ஒட்டி அந்நிழல் வடக்கு நோக்கிச் சுமார் 19 சென்டிமீட்டர் இருந்தது. ஏப்ரல் முதல் நாளில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் ஆயிற்று. சித்திரை பிறந்த அன்று மூன்று சென்டிமீட்டரும் இல்லை. நிழல் நாளுக்கு நாள் தேய்வதைக் கண்ட இளையவள், “கோல் தன் நிழலைத் தின்றுகொண்டே வருகிறது” என்றாள்.

நிலவுலகின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதால், கதிரவன் நேர் உச்சியில் நிற்கும் இடம், கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் இடையே ஆண்டுதோறும் சென்று மீள்கிறது. வடக்கு நோக்கிச் செல்லும்போது, ஏப்ரல் 10, 11 நாள்களில் அது கன்னியாகுமரியைக் கடக்கும். 18-ஆம் நாளை ஒட்டித் திருச்சிராப்பள்ளியை அடையும். 24, 25 நாள்களில் சென்னைக்கு வரும். அந்தந்த ஊரில் அந்த நண்பகலில், நேராக நிற்கும் எப்பொருளுக்கும் பக்கத்தில் நிழல் விழாது. கடகக் கோட்டுக்கு வடக்கே உள்ள தில்லியில் வாழ்பவர்களுக்கு இக்காட்சி ஒருநாளும் கிட்டுவதில்லை. நமக்கோ ஆண்டுக்கு இருமுறை கிட்டுகிறது. கதிரவன் தெற்கே திரும்பும்போது, ஆகஸ்டின் இறுதி வாரத்தில் எங்கள் ஊருக்கு மீண்டும் அது வாய்க்கும்.

அந்த ஏப்ரல் 18-ஆம் நாள், புத்தாண்டுக்கு வந்திருந்த என் தமக்கையார் வீட்டில் இருந்தார். குழந்தைகள் நண்பகலில் மாடிக்குச் செல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. “தம்பி, சின்னவள் போனாலும் போகட்டும். பெரியவள் வளர்ந்த பெண் அல்லவா? உச்சி வெயிலில் நின்றால் கறுத்துப்போவாளே! நாளைக்கு நாலு பேர் வந்து பார்க்கவேண்டாமா?” என்றார்.

அவர் கடிந்து கூறவில்லை; அன்பினால் கூறினார். அதனாலேயே அச்சொற்களுக்கு வலிமை மிகுதி. மூத்தவளின் முகம் வாடியது. கையில் இருந்த சுண்ணக்கட்டியைத் தங்கையிடம் நீட்டினாள். நான்கு வாரம் முயன்று கண்ட ஓர் உண்மையின் வாயிலில் நின்றுகொண்டு, உள்ளே புகாமல் திரும்பிவிட அவள் இசைந்துவிட்டாள். அந்த ஒரு நொடிதான் என்னை உலுக்கியது. பெண்குழந்தைகளிடமிருந்து உலகம் பறிக்கப்படுவது பெரும்பாலும் இப்படித்தான், அடித்துப் பறிப்பதில்லை, கன்னத்தைத் தடவிக்கொண்டே பறிக்கிறோம்.

“அக்கா, வெயில் கடுமையானது என்பது உண்மை. அதற்காகத்தான் தலைக்குத் துணியும் குடிக்க மோரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுவோம். ஆனால் நிறத்துக்கு அஞ்சி இவள் இறங்கவேண்டியதில்லை” என்று பணிவாகக் கூறினேன். மூத்தவளிடம், “குறிப்பு எழுதவேண்டியவள் நீதான், வா” என்றேன்.

மணி பன்னிரண்டே கால். கோலின் நிழல் அதன் அடிக்குள் ஒடுங்கிவிட்டது. சுற்றிலும் தேடினோம், இல்லை. அக்காவும் தங்கையும் கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றனர். உயர்ந்தவளின் நிழலும் குட்டையானவளின் நிழலும் அவரவர் பாதங்களையே சுற்றிக் கிடந்தன. “இன்றைக்கு அக்காவின் நிழலும் என்னுடையதைப்போல் குட்டிதான்!” என்று இளையவள் கைகொட்டினாள். அப்பொழுது மாடிப்படியில் காலடி ஓசை கேட்டது. சேலைத் தலைப்பால் தலையைப் போர்த்துக்கொண்டு என் தமக்கையாரும் மேலே வந்திருந்தார். தரையைப் பார்த்தார், தம் காலடியைப் பார்த்தார். “நான் பிறந்து வளர்ந்தது இதே ஊர். அறுபது வயது ஆகிறது. இப்படி ஒன்று உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லையே, தம்பி” என்றார்.

அவர் குரலில் குறை இல்லை, வியப்பே இருந்தது. ஆயினும் ஒரு கணக்கு என் மனத்தில் ஓடியது. ஆண்டுக்கு இருமுறையாக அறுபது ஆண்டுகள். நூற்றிருபது முறை கதிரவன் அவர் தலைக்கு நேர்மேலே வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான்!

இவ்விடத்தில் அன்னா மணி என்னும் அறிஞரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். எட்டாம் பிறந்தநாளில் வீட்டார் அளிக்க முன்வந்த வைரத் தோட்டினை வேண்டாம் என்று கூறி, கலைக்களஞ்சியம் ஒன்றைக் கேட்டுப் பெற்றார் என்பர். 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கு உழைத்தார். இந்திய மண்ணின்மீது விழும் கதிரவன் ஆற்றலை அளந்து அவர் தொகுத்த பெருநூல் 1980-இல் வெளிவந்தது. கதிரவன் ஆற்றலால் மின்சாரம் எடுப்பதைப் பற்றிப் பேசும் இக்காலத்தில், அவ்வளவைகளின் அருமை நமக்கு நன்கு விளங்குகிறது. கறுத்துப்போவாய் என்று கூறி அச்சிறுமியை நிழலிலேயே நிறுத்தியிருந்தால், நம் நாட்டு வெயிலை அளந்த ஒருவரை நாம் இழந்திருப்போம்.

கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப்போல் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுத்தது. 2005-இல் அவ்வுரிமை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் வழியே நாடு முழுவதற்கும் விரிந்தது. அது பெரும் பேறு. ஆனால் சட்டம் நிலத்தில் பங்கு தரலாம். வீட்டில் பங்கு தரலாம். வெயிலிலும் காற்றிலும் வானத்திலும் பங்கு தருவதற்கு எந்த மன்றமும் ஆணையிட முடியாது. அப்பங்கை அன்றாடம் தரவேண்டியவர்கள் வீட்டில் உள்ள பெற்றோரும் உற்றாரும் உடன்பிறந்தாருமே.

மாணவ மாணவியரே! உங்கள் வீட்டிலும் மாடியோ முற்றமோ இருக்கும். அடுத்த இளவேனிலில் அங்கே ஒரு கோலை நடுங்கள். கதிரவனை நேராகப் பார்க்கவேண்டாம். அது கண்ணுக்குக் கேடு. நிழலை மட்டும் பாருங்கள்; நாள்தோறும் குறித்து வையுங்கள். மாணவர்களாயின், உங்கள் தமக்கையையும் தங்கையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் அடுப்படியில் ஏதேனும் வேலையாக இருந்தால், அவ்வேலையில் பாதியை நீங்கள் செய்து முடித்துவிட்டு அழைத்துச் செல்லுங்கள். மாணவியராயின், கையில் உள்ள சுண்ணக்கட்டியை யார் கேட்டாலும் எளிதில் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் மாடியில் நிழல் இப்போது தெற்கு நோக்கி நீளத் தொடங்கிவிட்டது. மே முதல் நாளில் அதன் நீளம் சுமார் ஏழு சென்டிமீட்டர். அக்குறிப்பு மூத்தவளின் ஏட்டில், அவள் கையெழுத்தில் இருக்கிறது.